இலவச ஆன்டிவைரஸை நம்பலாமா? ஒரு வீட்டுக் கணினியின் ஏழு மாதங்கள்

பின்னணி

டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரம். வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், அவர் மனைவி, படிப்புக்காக அவர்களோடு தங்கியிருக்கும் பத்தாம் வகுப்புப் பேத்தி ஆகிய மூன்று பேர். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். ஆசிரியர் எனக்கும் கணக்கு எடுத்தவர். இன்றும் சார் என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தை நான் பார்த்துக்கொள்வதால், அந்த வீட்டுக் கணினிக்கு எது வந்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். அவர்களுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

கணினி 2018இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய வகை ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சார் அதில் பென்ஷன் வரவைப் பார்ப்பார், மின்கட்டணம் கட்டுவார், தெருக் கோயில் திருப்பணியின் வரவு செலவைத் தமிழில் தட்டச்சு செய்து வைப்பார். பேத்திக்கு மாதிரி வினாத்தாள், புராஜெக்ட். வீட்டில் பிரிண்டர் கிடையாது. பிரிண்ட் வேண்டுமென்றால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு முக்கிலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போவார்கள்.

வாங்கும்போது கடைக்காரர் ஓராண்டுக்கான கட்டண ஆன்டிவைரஸ் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தார். 2019இல் அதன் காலம் முடிந்தது. "காசு கட்டாம நல்லதா ஒண்ணு போட்டுக் குடு தம்பி" என்றார் சார். ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் கூடங்கள் கொடுத்த மதிப்பெண்களைப் பார்த்து, மேலே இருந்த ஓர் இலவச ஆன்டிவைரஸை நான்தான் நிறுவினேன். நிறுவும்போது வந்த பெட்டிகளில் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துக்கொண்டே போனேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று அன்று நான் படிக்கவில்லை.

ஜூன் 2025: தொலைபேசி அழைப்பு

ஒரு சனிக்கிழமை காலை சார் பேசினார். "தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸ் நிறைய இருக்குன்னு ரெண்டு நாளா வந்துக்கிட்டே இருக்கு. 1,499 ரூபாய் கட்டினா சரி பண்ணிருவாங்களாம். கார்டை எடுத்து வச்சிருக்கேன். கட்டலாமா?"

கட்ட வேண்டாம், திரையில் எதையும் தொடாமல் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள், நான் வருகிறேன் என்று சொன்னேன். கார்டு எண்ணை எங்கேயாவது போட்டுவிட்டாரா என்று இரண்டு முறை கேட்டேன். போடவில்லை. போட்டிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்க வேண்டும், பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். அந்த இரண்டுக்கும் அன்று தேவை வரவில்லை.

பார்த்ததும் குறித்ததும்

திரையின் வலது கீழ்மூலையில் வரிசையாகச் சிவப்புப் பெட்டிகள். "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது", "ஆன்டிவைரஸ் காலாவதியானது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வலைத்தளத்தின் பெயர். அதாவது இவை ஆன்டிவைரஸிலிருந்தும் வரவில்லை, விண்டோஸிலிருந்தும் வரவில்லை. குரோம் உலாவியின் அறிவிப்புகள் இவை. வினாத்தாள் தேடிப் போன ஏதோ ஒரு பக்கத்தில் "அனுமதி" என்பதைப் பேத்தி அழுத்தியிருக்கிறாள். அதை அழுத்தினால்தான் பக்கம் திறக்கும் என்று அங்கே எழுதியிருந்ததாம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றைச் சார் சொடுக்கியிருக்கிறார். அது ஒரு "கணினி சுத்தம் செய்யும்" இலவச மென்பொருளில் கொண்டுபோய் விட்டது. நிறுவியதும் தானாகச் சோதித்து 1,200க்கு மேல் பிழைகள் இருப்பதாகச் சொன்னது. சரிசெய்யக் கட்டணம் கேட்டது. சார் கேட்ட 1,499 ரூபாய் அதுதான். அது காட்டிய பட்டியலில் பாதிக்கு மேல் உலாவியின் குக்கிகள், தற்காலிகக் கோப்புகள். எந்தக் கணினியிலும் இருக்கிறவை.

இதையெல்லாம் அந்த வீட்டின் ஆன்டிவைரஸ் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது. அறிவிப்பு என்பது உலாவியில் பயனரே கொடுத்த அனுமதி, அதைத் தடுக்காததைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் சுத்தம் செய்யும் மென்பொருள் விஷயம் வேறு. இந்த வகையை "வேண்டாத மென்பொருள்" என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகையைத் தேடும் அமைப்பு இந்த ஆன்டிவைரஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதே நிறுவனம் அதே மாதிரி ஒரு வேகப்படுத்தும் மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கவனிக்காமல் விடவும் முடியவில்லை.

உடனே எதையும் நீக்கவில்லை. அறிவிப்பு அனுமதியை மட்டும் ரத்து செய்து, சுத்தம் செய்யும் மென்பொருளை நிறுத்திவிட்டு, பேத்தியிடம் ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு நாள் இந்த ஆன்டிவைரஸ் எத்தனை முறை பெட்டி காட்டுகிறது, என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுதிவைக்கச் சொன்னேன். வங்கி வேலை எதுவும் அதில் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. அவள் நேரத்தோடு எழுதியிருந்தாள். 11 பெட்டிகள். ஒன்று, புதுப்பிப்பு முடிந்தது என்ற செய்தி. இன்னொன்று, சாரின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் சந்தேகித்த எச்சரிக்கை. மீதி 9 விளம்பரம். விபிஎன் வாங்கு, டிரைவர்களைப் புதுப்பி, கட்டணப் பதிப்புக்கு மாறு என்றெல்லாம் இருந்தன. அந்த விளம்பரங்களும் எச்சரிக்கையின் நிறத்திலேயே, எச்சரிக்கையின் சொற்களிலேயே வந்தன.

தட்டச்சு மென்பொருள் விஷயம் தமிழில் எழுதுகிற பலருக்கும் தெரிந்திருக்கும். விசைகளைப் பிடித்துத் தமிழாக மாற்றுவதுதான் அதன் வேலை. கடவுச்சொல் திருடும் மென்பொருளும் விசைகளைத்தான் பிடிக்கும். வெளியிலிருந்து பார்க்கும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். தனிமைப்படுத்திய கோப்புகளின் பட்டியலில் சாரின் தட்டச்சு மென்பொருள் மூன்று முறை இருந்தது. மூன்று முறையும் சார் அதை மீட்டெடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் எந்த எச்சரிக்கை வந்தாலும் "அனுமதி"யை அழுத்தத் தொடங்கிவிட்டார். பிசகான எச்சரிக்கைகளும் விளம்பரங்களும் சேர்ந்து, நிஜ எச்சரிக்கைக்கு அந்த வீட்டில் மதிப்பே இல்லாமல் செய்துவிட்டன. இந்த நிகழ்வில் நான் பெரிய சேதம் என்று கருதுவது இதைத்தான்.

அந்த மென்பொருளுக்கு நியாயமும் செய்ய வேண்டும். அதே பட்டியலில் பிப்ரவரி மாதத்தில் ஒரு நிஜ வைரஸ் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும் பழைய வகை. அதைச் சரியாகப் பிடித்து அடைத்திருந்தது. கண்டுபிடிக்கும் திறமையில் எனக்கு அதன்மேல் புகார் இல்லை.

கடைசியாக ஒன்று. மின்னஞ்சல் தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்தேன். வழங்கியவர் என்ற இடத்தில் வழக்கமான சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இல்லை. ஆன்டிவைரஸின் பெயர் இருந்தது. மறைகுறியாக்கப்பட்டு வரும் பக்கத்தை அது நடுவில் நின்று பிரித்துப் படித்து, சோதித்து, மறுபடி மூடி உலாவிக்குக் கொடுக்கிறது. தீங்கான பக்கங்களைத் தடுக்க இப்படிச் செய்வது பல ஆன்டிவைரஸ்களில் உள்ள வசதிதான், இதை ஒளிவாகவும் செய்யவில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் பிரித்துப் பார்க்கும் இடத்தில் நான் ஒருவரை 2019இல் உட்காரவைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எதை வைத்து முடிவெடுப்பது

ஞாயிறு மாலை மகனையும் தொலைபேசியில் சேர்த்துக்கொண்டு பேசினோம். மூன்று வழிகள் இருந்தன. இருக்கிற இலவச ஆன்டிவைரஸை அமைப்புகள் மாற்றித் தொடர்வது. காசு கொடுத்து ஒன்று வாங்குவது. இரண்டும் இல்லாமல் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை மட்டும் நம்புவது.

சார் கேட்டது இது: "கோடிக்கணக்கான பேருக்குச் சும்மா குடுக்குறான்னா அவனுக்கு வருமானம் எங்கேருந்து வருது?" பெரும்பாலும் கட்டணப் பதிப்பை விற்றுத்தான். அதில் தப்பில்லை. ஆனால் வேறு வழியில் சம்பாதித்ததற்கும் பதிவு இருக்கிறது. அவாஸ்ட் நிறுவனத்தின் ஆன்டிவைரஸும் உலாவி நீட்சிகளும் சேகரித்த இணையப் பயன்பாட்டுத் தகவல்களை, ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டு வந்ததும் சில நாட்களில் ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அறிவித்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக அப்படி விற்பதற்குத் தடையும் போட்டது. 100க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தகவல் போனதாக ஆணையத்தின் புகார் சொல்கிறது. பின்தொடர்வதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொடுத்த மென்பொருள் அது. அவ்வளவு காலமும் வைரஸ் பிடிக்கும் சோதனைகளில் அது நல்ல மதிப்பெண்தான் வாங்கிவந்தது. நான் 2019இல் பார்த்த மாதிரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

மகன், "அப்போ காசு கொடுத்தே வாங்கிடலாமே அண்ணா?" என்றார். அது சுலபமான பதில். ஆனால் காசு கொடுத்தால் பக்க வியாபாரம் இருக்காது என்று சொல்ல முடியாது. நார்ட்டன் தன் கட்டணத் தொகுப்பிலேயே 2021இல், கணினியின் திறனைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டும் (மைனிங்) வசதியைச் சேர்த்தது. பயனர் விரும்பி இயக்கினால்தான் ஓடும். ஓடினால் கிடைப்பதில் 15 சதவீதம் நிறுவனத்துக்கு. பாதுகாப்புக்காக வாங்கிய மென்பொருளுக்குள் இது எதற்கு என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

சுத்தம் செய்யும் மென்பொருளைப் பற்றி விவாதமே இல்லை. ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதே மாதிரிப் பொய் எச்சரிக்கை காட்டிக் கட்டணம் வாங்கியதற்காக 2024 மார்ச்சில் அதே ஆணையத்திடம் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. சாரிடம் இதைச் சொன்னபோது, தான் மட்டும் ஏமாறவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதல் முக்கியம். வெட்கப்பட்டால் அடுத்த முறை நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

டிஃபெண்டருக்குப் பழைய கெட்ட பெயர் ஒன்று உண்டு. பத்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற கூடங்களின் சோதனைகளில் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் அடிமட்டத்தில் இருந்தது. சில வருடங்களாக அங்கே பாதுகாப்புக்குப் பெரும்பாலும் 6க்கு 6 வாங்குகிறது. அதில் ஒரு பலவீனம் இருக்கிறது. இணையம் இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் கணிசமாகக் குறைகிறது என்று ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இணையம் அடிக்கடி போகும் ஊர், ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவ் என்று பார்த்தால் இந்த வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் டிஃபெண்டர் என்றுதான் முடிவு செய்தோம். மைக்ரோசாஃப்ட் தகவல் சேகரிப்பதில்லை என்பதற்காக அல்ல, அதுவும் சேகரிக்கிறது. விண்டோஸ் போட்ட அன்றே அந்த நிறுவனம் வீட்டுக்குள் வந்துவிட்டது. டிஃபெண்டரை வைத்துக்கொண்டால் புதிதாக இன்னொரு ஆளை உள்ளே விட வேண்டியதில்லை. கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லிப் பெட்டி காட்டும் தேவையும் அதற்கு இல்லை. எச்சரிக்கை வந்தால் அது எச்சரிக்கையாகவே இருக்கும். சாரின் கைப்பழக்கத்தை மாற்ற அது எனக்கு வேண்டியிருந்தது.

செய்த வேலை

முதலில் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்தோம். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் சாரின் கைபேசியிலிருந்து மாற்றினோம். அப்புறம் சுத்தம் செய்யும் மென்பொருள், பழைய கட்டண ஆன்டிவைரஸின் மிச்சங்கள், கடைசியாக இலவச ஆன்டிவைரஸ் என்று வரிசையாக நீக்கினேன். ஆன்டிவைரஸைச் சாதாரணமாக நீக்கினால் சில பகுதிகள் தங்கிவிடும். அந்தந்த நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவியைப் பயன்படுத்தினால்தான் முழுதாகப் போகும். கணினியை மறுபடி தொடங்கியதும் டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கியது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

முழுச் சோதனை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கிடைத்தது, சுத்தம் செய்யும் மென்பொருளின் நிறுவல் கோப்பும் அதோடு வந்த இன்னொரு விளம்பர மென்பொருளும். வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் அமைப்பு 2021 ஆகஸ்ட் முதல் விண்டோஸில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. இந்தக் கணினியில் டிஃபெண்டரே ஒதுங்கியிருந்ததால் அது வேலை செய்யவில்லை.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே புதிதாக இறக்கி, பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டலில் பார்த்துவிட்டு நிறுவினேன். டிஃபெண்டர் அதை எதுவும் சொல்லவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். நிர்வாகிக் கடவுச்சொல்லைச் சாரின் மனைவி ஒரு தாளில் எழுதித் தன் ரேஷன் அட்டை உறையில் வைத்துக்கொண்டார்.

இந்த வேலைகளில் எனக்கு அதிகம் பலன் தந்ததாகத் தோன்றுவது ஐகார் சோதனைக் கோப்பு. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. ஆன்டிவைரஸ் இயங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்புக்கொண்டு அதை வைரஸாகவே நடத்துகின்றன. நோட்பேடில் அதைச் சேமித்ததும் டிஃபெண்டரின் எச்சரிக்கை வந்தது. சாரையும் பேத்தியையும் உட்காரவைத்து மூன்று முறை செய்து காட்டினேன். நிஜ எச்சரிக்கை எங்கிருந்து வரும் என்று காட்டி, அதில் வலைத்தளப் பெயர் இருக்காது, பணம் கேட்காது, தொலைபேசி எண் தராது என்று சொல்லிக்கொடுத்தேன். சார் மூன்றாவது முறை தானே செய்து பார்த்தார்.

அடுத்த ஆறு மாதம்

கணினி வேகமானது. பொத்தானை அழுத்தி வேலைக்கு வர நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்தது, இரண்டுக்குள் வந்தது. இதை முழுக்க ஆன்டிவைரஸின் கணக்கில் எழுதக் கூடாது. தானாகத் தொடங்கும் வேறு ஐந்தாறு மென்பொருள்களையும் நிறுத்தியிருந்தேன்.

ஜூலையில் என் தவறு ஒன்று வெளிப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக, அறிமுகமில்லாத மென்பொருள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் எழுதுவதைத் தடுக்கும் அமைப்பை இயக்கிவைத்திருந்தேன். சார் கோயில் கணக்கைத் தட்டச்சு செய்யும் பழைய மென்பொருளை அது அடைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்ததைச் சேமிக்க முடியாமல் இழந்தார். கோபப்படவில்லை. "நீ போட்டதுதானே, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த மென்பொருளுக்கு அனுமதி கொடுத்துச் சரிசெய்தேன்.

ஆகஸ்டில் பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்தது. டிஃபெண்டர் எச்சரித்தது. சார் எதையும் அழுத்தாமல் எனக்குப் பேசினார், பெட்டியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். அதே ஷார்ட்கட் வகை. அன்று இணையம் இருந்தது. இல்லாதிருந்தால் பிடித்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதன்பிறகு பிரிண்ட் எடுக்க வேண்டியதைக் கடைக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினார்கள். பேத்தியின் யோசனை அது.

செப்டம்பரில் பேத்தி இன்னொரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்துவிட்டாள். பெட்டி வந்ததும் அவளே அடியில் இருந்த தளப்பெயரைக் கண்டுபிடித்து ரத்து செய்தாள். எனக்கு மறுநாள்தான் தெரியும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் ஓட்டைகளை அடைக்காத விண்டோஸுக்கு வைரஸ் பட்டியல் மட்டும் போதாது. ஏழாம் தலைமுறை ஐ3 என்பதால் விண்டோஸ் 11க்குப் போக முறையான வழியில்லை. 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கிறது. கட்டணம் இல்லாமல் வாங்க ஒரு வழி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களிடம் சேமிக்க ஒப்புக்கொள்வது.

இதை விளக்கியபோது சார் கேட்டார்: "அப்போ இதுவும் சும்மா இல்லையே தம்பி. பேரு, மெயிலு எல்லாம் குடுத்துத்தானே வாங்குறோம்?" ஆமாம் என்றேன். எதைக் கொடுக்கிறோம், பதிலுக்கு எது வருகிறது என்று இரண்டு பத்தியாக ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் வைத்திருந்து படித்துவிட்டு, கோப்புகளை ஏற்றக் கூடாது, அமைப்புகள் மட்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார். அப்படியே செய்தேன்.

மறுபடி செய்வதானால்

2019இல் செய்ததைத்தான் முதலில் மாற்றுவேன். இலவச ஆன்டிவைரஸ் போட்டதே தவறு என்று சொல்லவில்லை. பென் டிரைவ் வைரஸை அது பிடித்தது. நிறுவும்போது தகவல் பகிர்வுப் பெட்டிகளைப் படித்து அணைத்திருக்க வேண்டும். நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது போய், அது அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்திருக்க வேண்டும். பேத்தியின் நோட்டு இரண்டு நாளில் சொன்னதை நான் ஆறு வருடம் கேட்கவே இல்லை.

உலாவியில் எந்தத் தளமும் அறிவிப்பு அனுமதி கேட்க முடியாதபடி ஒரேயடியாக அணைக்கும் வசதி இருக்கிறது. ஜூனிலேயே அதைச் செய்திருந்தால் செப்டம்பரில் மறுபடி வந்திருக்காது. இப்போது செய்துவிட்டேன். கோப்புறையைப் பூட்டும் அமைப்பை இனி எந்த வீட்டிலும், அவர்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து ஒரு முறை சேமித்துப் பார்க்காமல் இயக்க மாட்டேன்.

இந்த வீட்டுக்குள் எது எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளே கேட்டிருந்தால், பென் டிரைவுக்குப் பேத்தி சொன்ன மாற்று எனக்கே தோன்றியிருக்கும். எந்த ஆன்டிவைரஸ் என்பதிலேயே என் யோசனை நின்றுவிட்டது.

டிசம்பரில் ஒரு முறை போய்ப் பார்த்தேன். பாதுகாப்புப் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தது, வெளி ஹார்ட் டிஸ்கில் கடைசி நகல் நவம்பர் மாதத்தது. அடுத்த அக்டோபருக்குள் வேறு கணினி வாங்குவதா, இதிலேயே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. லினக்ஸில் சாரின் தட்டச்சு முறையும் கோயில் கணக்கும் சரியாக ஓடுகிறதா என்று பொங்கல் விடுமுறையில் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.